இன்ஸ்டாலர் என்பது வெறும் பொட்டலம் அன்று

"நிரல் தயாராகிவிட்டது, இனி ஒரு செட்டப் கோப்பாகக் கட்டிக் கொடுத்தால் போதும்" என்ற பேச்சை மென்பொருள் எழுதும் இடங்களில் அடிக்கடி கேட்கலாம். 'கட்டிக் கொடுப்பது' என்ற சொல்லிலேயே ஒரு தவறான புரிதல் ஒளிந்திருக்கிறது. ஒரு நிரலைக் கணினியில் நிறுவித் தரும் இன்ஸ்டாலர், பல கோப்புகளைச் சுருக்கி ஒரே கோப்பாக்குவது மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அதனாலேயே அந்த வேலை, வெளியீட்டுக்கு முந்தைய நாள் மாலையில், கையில் வேறு வேலை இல்லாதவர் எவரோ அவரிடம் போய்ச் சேருகிறது.

பொட்டலம் கட்டுவது அதில் மிகச் சிறிய பங்கு. அதற்கென்றே உள்ள கருவிகள் சில நொடிகளில் அதை முடித்துவிடும். நாம் ஒருபோதும் பார்க்கப்போகாத ஒரு கணினியில் என்னென்ன மாற்றங்களைச் செய்வது, செய்தவற்றை எங்கே குறித்துவைப்பது, பாதியில் தடைபட்டால் எப்படிப் பின்வாங்குவது என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் பெரிய பங்கு. அந்தக் கணினியைக் கவனிக்கத் தனியாக ஆள் எவரும் இல்லை என்றால் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. அத்தகைய கணினிகளுக்கு இன்ஸ்டாலர் தயாரிப்பதைப் பற்றியதே இக்கட்டுரை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் விண்டோஸைச் சார்ந்தவை; தேவையான இடங்களில் மேக்கும் லினக்ஸும் வரும்.

நிர்வகிக்கப்படும் கணினியும் நிர்வகிக்கப்படாத கணினியும்

பெரிய அலுவலகம் ஒன்றில் உள்ள நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரு தொழில்நுட்பக் குழு ஓரிடத்தில் இருந்தபடியே கவனித்துக்கொள்கிறது. எந்தப் புதுப்பிப்பு எப்போது ஏற வேண்டும், யாருக்கு எந்த உரிமை, எந்த நிரலுக்கு அனுமதி என்பதை எல்லாம் குரூப் பாலிசி, இன்ட்யூன் போன்ற கருவிகளின் வழியாக அக்குழுவே தீர்மானிக்கிறது. இவை நிர்வகிக்கப்படும் கணினிகள். வீட்டில் இருக்கும் மடிக்கணினி, தனியாகத் தொழில் செய்பவரின் கணினி, மாணவர் ஒருவர் தன் பணத்தில் வாங்கிய கணினி ஆகியவற்றுக்கு அப்படி ஒரு குழு கிடையாது. பயன்படுத்துபவரே அவற்றுக்கு நிர்வாகி. இவை நிர்வகிக்கப்படாத கணினிகள்.

முதல் வகையில் இன்ஸ்டாலர் திரையில் எதையும் காட்டாமல் பின்னணியில் ஓடி, முடிந்ததும் ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. விண்டோஸோடு வரும் நிறுவல் சேவையான விண்டோஸ் இன்ஸ்டாலரின் முறையில் 0 என்றால் வெற்றி. 3010 என்றால் வெற்றிதான், ஆனால் கணினியை மறுபடி தொடக்க வேண்டும். 1603 என்றால் தோல்வி. அந்த எண்ணைப் படித்து அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கிறார். இரண்டாம் வகையில் அதே 1603 ஒரு சிறு சாளரத்தில் வந்து நிற்கும்போது, அதைப் பார்ப்பவருக்கு அது பொருளற்ற எண். அவர் சாளரத்தை மூடுவார், இன்னொரு முறை முயல்வார், பிறகு அந்த மென்பொருளையே மறந்துவிடுவார். நமக்கு எந்தச் செய்தியும் வராது.

சுருங்கச் சொன்னால், நிர்வகிக்கப்படும் கணினியில் இன்ஸ்டாலர் ஒரு நிர்வாகியிடம் பேசுகிறது. நிர்வகிக்கப்படாத கணினியில் அந்த நிர்வாகியின் வேலையையும் இன்ஸ்டாலரே சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

முக்காலியும் சுவர் அலமாரியும்

ஓர் அறைக்குள் ஒரு முக்காலியைக் கொண்டுபோய் வைப்பது எளிது. வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். அறையில் ஒரு தடயமும் இராது. சுவரில் அலமாரி பொருத்துவது அப்படி அன்று. சுவரில் துளையிட வேண்டும். துளையிடும் இடத்தில் மின்கம்பி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்காரரின் ஒப்புதல் வேண்டும். பிற்காலத்தில் கழற்றும்போது எந்தத் திருகு எங்கே போயிற்று என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சில நிரல்கள் முக்காலி வகையைச் சேர்ந்தவை. ஒரே கோப்பாக இருந்து, வைத்த இடத்திலிருந்தே ஓடி, நீக்க வேண்டும் என்றால் அழித்தாலே போதும் என்றிருப்பவை. இவற்றைப் போர்ட்டபிள் நிரல் என்பார்கள். உங்கள் நிரல் இந்த வகையில் அடங்குமானால் அதற்கு இன்ஸ்டாலரே வேண்டாம் என்பது என் கருத்து. அப்படிப்பட்ட நிரல்களுக்கும் ஏழு திரைகள் கொண்ட இன்ஸ்டாலர் செய்து, ஒவ்வொரு திரையிலும் 'அடுத்து' என்று அழுத்தச் சொல்லும் வழக்கம் ஏன் இன்னும் நீடிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மற்ற நிரல்கள் அலமாரி வகை. விண்டோஸில் அத்தகைய ஒன்றை நிறுவும்போது, கோப்புகள் உரிய கோப்புறையில் வைக்கப்படுகின்றன. ஸ்டார்ட் மெனுவில் ஒரு ஷார்ட்கட் உருவாகிறது. குறிப்பிட்ட வகைக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் இந்த நிரலில்தான் திறக்க வேண்டும் என்ற தகவல் பதியப்படுகிறது. தேவைப்பட்டால் பின்னணியில் எப்போதும் ஓடும் ஒரு சேவையும் அமைக்கப்படுகிறது. இந்தத் தகவல்களில் பெரும்பாலானவை ரெஜிஸ்ட்ரியில் சேர்கின்றன. விண்டோஸும் அதில் ஓடும் நிரல்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் பொதுப் பேரேடுதான் ரெஜிஸ்ட்ரி. கடைசியாக, அதே பேரேட்டில் நிரலின் பெயர், பதிப்பு எண், வெளியிட்டவர், நீக்குவதற்கான கட்டளை ஆகியவை ஒரு பதிவாக எழுதப்படுகின்றன. நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலில் நாம் பார்ப்பது இந்தப் பதிவுகளைத்தான். வெறும் ஜிப் கோப்பைப் பிரித்து வைத்தால் இவற்றில் ஒன்றும் நடப்பதில்லை.

இந்த மாற்றங்களைச் செய்வதற்கு இரண்டு வழிகள் உள்ளன. 'முதலில் இதைச் செய், அடுத்து அதைச் செய்' என்று கட்டளைகளை வரிசையாக எழுதுவது ஒன்று. 1997 முதல் இருந்துவரும் இன்னோ செட்டப்பும், வின்ஆம்ப் இசை இயக்கியை உருவாக்கிய நல்சாஃப்ட் நிறுவனத்தில் பிறந்த என்எஸ்ஐஎஸ்ஸும் ஏறத்தாழ இவ்வகை. முடிவில் கணினி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, செய்யும் பொறுப்பை இயங்குதளத்திடம் விட்டுவிடுவது மற்றொன்று. 1999இல் ஆஃபீஸ் 2000 உடன் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த விண்டோஸ் இன்ஸ்டாலர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது ஏற்கும் எம்எஸ்ஐ கோப்பு உண்மையில் ஒரு சிறிய தரவுத்தளம். எந்தக் கோப்பு, எந்தக் கோப்புறை, எந்த ரெஜிஸ்ட்ரி பதிவு என்பவை அதற்குள் அட்டவணைகளாக இருக்கின்றன.

இந்த இரண்டாம் வழியின் பெரும் பயன், பின்வாங்கல். ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குப் பணம் மாற்றும்போது, ஒன்றில் கழிந்து மற்றதில் சேராமல் நின்றுவிட்டால் கழிந்த தொகை திரும்ப வந்துவிட வேண்டும் அல்லவா? அதுபோலவே விண்டோஸ் இன்ஸ்டாலர், மாற்றப்போகும் ஒவ்வொன்றின் பழைய நிலையையும் எடுத்துவைத்துக்கொண்டு, நடுவில் தவறு நேர்ந்தால் எல்லாவற்றையும் முன்பிருந்தபடி மீட்டுவிடுகிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு, அட்டவணையில் எழுதிய செயல்களுக்கு மட்டுமே. அட்டவணையில் அடங்காத ஒன்றைச் செய்ய நாம் சொந்தமாக ஒரு துணைநிரலை எழுதி இணைத்தால், அது செய்ததை எப்படித் திருப்புவது என்று விண்டோஸுக்குத் தெரியாது. திருப்பும் வழியையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். எம்எஸ்ஐ வடிவத்தில் இருந்தாலே பாதுகாப்பானது என்று பேசுபவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

யாருடைய அனுமதியோடு?

'நிறுவ வேண்டுமானால் நிர்வாகி உரிமை வேண்டும்' என்பது பரவலான மற்றொரு நம்பிக்கை. எல்லா நிரல்களுக்கும் அது உண்மை இல்லை.

2007 தொடக்கத்தில் பொது விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, கணினி முழுவதையும் பாதிக்கும் மாற்றம் எதையும் செய்வதற்கு முன் திரையை மங்கலாக்கி ஒப்புதல் கேட்கும் முறை இருந்துவருகிறது. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறை, ரெஜிஸ்ட்ரியின் பொதுப் பகுதி ஆகியவை அந்த ஒப்புதல் இருந்தால்தான் மாற்றக்கூடியவை. ஒரு கட்டடத்தின் பொதுக் கதவில் பூட்டு மாற்றுவது போன்றது இது. குடியிருக்கும் அனைவரையும் பாதிக்கும். ஆனால் ஒருவர் தம் அறைக்குள் ஒரு படம் மாட்டுவதற்கு அந்த ஒப்புதல் எதற்கு? விண்டோஸில் ஒவ்வொரு பயனருக்கும் சொந்தமான கோப்புறைகளும், ரெஜிஸ்ட்ரியில் சொந்தமான ஒரு பகுதியும் உண்டு. நிரலை அங்கேயே நிறுவினால் எந்தக் கடவுச்சொல்லும் தேவைப்படாது. இதைப் பயனர்மட்ட நிறுவல் என்றும், முந்தையதைக் கணினிமட்ட நிறுவல் என்றும் அழைக்கலாம். நிரல் எழுத உதவும் எடிட்டரான விஷுவல் ஸ்டுடியோ கோட் இரண்டு வகை இன்ஸ்டாலர்களையும் தனித்தனியே வழங்குகிறது.

வன்பொருளுக்கான டிரைவர், பின்னணிச் சேவை, கணினியில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் பொதுவான நிரல் ஆகியவற்றுக்குக் கணினிமட்டம் தேவை. மற்றவற்றுக்கு, நிர்வகிக்கப்படாத கணினிகளைப் பொறுத்தவரை, பயனர்மட்டத்தையே இயல்பாக வைப்பது நல்லது. கேட்காத உரிமையால் கெடுதல் எதுவும் நேர்வதில்லை.

உரிமை கேட்டே ஆக வேண்டும் என்றால், அங்கே ஒரு குழி இருக்கிறது, அதில் விழாத இன்ஸ்டாலர் ஆசிரியரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன், நானும் விழுந்திருக்கிறேன். ஒரு கணினியில் இரண்டு கணக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அன்றாடம் பயன்படுத்தும் மகளுடையது சாதாரணக் கணக்கு. தந்தையுடையது நிர்வாகிக் கணக்கு. மகள் இன்ஸ்டாலரைத் தொடங்குகிறாள். ஒப்புதல் திரை வருகிறது. தந்தை வந்து தம் கடவுச்சொல்லை இடுகிறார். அந்த நொடியிலிருந்து இன்ஸ்டாலர் தந்தையின் பெயரில் ஓடுகிறது. 'தற்போதைய பயனரின் டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வை, தற்போதைய பயனரின் ரெஜிஸ்ட்ரியில் மொழி அமைப்பை எழுது' என்று நாம் எழுதியிருந்தால், அவை அனைத்தும் தந்தையின் கணக்கில் போய்ச் சேரும். 'வெற்றிகரமாக நிறுவப்பட்டது' என்று திரை சொல்லும். மகளின் டெஸ்க்டாப்பில் ஒன்றும் இராது. நிரல் எழுதுபவரின் கணினியில் நிர்வாகியும் பயனரும் ஒருவரே என்பதால், அங்கே எத்தனை முறை சோதித்தாலும் இந்தப் பிழை தலைகாட்டாது.

இதற்குத் தீர்வு எளிது. உயர்ந்த உரிமையோடு ஓடும் பகுதி, கணினிக்குப் பொதுவானவற்றை மட்டும் தொட வேண்டும். ஒவ்வொரு பயனருக்கும் உரிய அமைப்புகளை, அந்தப் பயனர் முதல்முறை நிரலைத் திறக்கும்போது நிரலே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

ஆக, யாருக்காக நிறுவுகிறோம் என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், எங்கே நிறுவுவது, என்ன உரிமை கேட்பது ஆகிய இரண்டும் தாமாகவே தெளிவாகிவிடும்.

கூடவே என்னென்ன போக வேண்டும்?

எந்த நிரலும் தனித்து ஓடுவதில்லை. பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்புகளான நூலகங்களையும், அது எழுதப்பட்ட மொழிக்கு உரிய ஓட்டச்சூழலையும் (ரன்டைம்) அது நம்பியிருக்கிறது. இவை அந்த நிரலின் சார்புகள். நிரல் எழுதுபவரின் கணினியில் இவை எல்லாம் எப்போதோ வந்து சேர்ந்திருக்கும். எப்போது, எதனுடன் வந்தன என்பது அவருக்கே நினைவிராது. 'என் கணினியில் ஓடுகிறதே' என்ற புகழ்பெற்ற வாக்கியம் பிறக்கும் இடம் இதுதான்.

நிர்வகிக்கப்படும் கணினிகளில் தேவையான ஓட்டச்சூழலை நிர்வாகி முன்பே ஏற்றிவைத்திருப்பார். மற்றவற்றில் அதை எதிர்பார்க்க முடியாது. விஷுவல் சி++ கருவியால் உருவாக்கிய நிரல் என்றால் அதற்குரிய ஓட்டச்சூழல் கோப்புகள் அடங்கிய மறுவிநியோகப் பொதியைச் சேர்த்தே அனுப்ப வேண்டும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்துக்கு எழுதிய நிரல் என்றால் ஓட்டச்சூழலையும் உள்ளடக்கிய தன்னிறைவு வடிவத்தில் வெளியிடலாம். கோப்பின் அளவு பல மெகாபைட்டுகள் கூடும்தான். நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் இணைப்பு பாதியில் அறுந்தால் அதற்கும் நாம்தான் பதில் எழுதிவைத்திருக்க வேண்டும். அளவா, உறுதியா என்று வந்தால் நான் உறுதியையே தேர்ந்தெடுப்பேன். அதற்கு ஒரு விலை உண்டு: நாம் சேர்த்து அனுப்பிய நூலகத்தில் பின்னாளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைத்துப் புதிய பதிப்பை வெளியிடுவதும் நம் கடமை ஆகிவிடுகிறது.

லினக்ஸில் இதே சிக்கல் வேறு முகத்தோடு வருகிறது. புதிய லினக்ஸ் வெளியீட்டில் தொகுத்த (அதாவது, எழுதிய வரிகளை இயங்கும் கோப்பாக மாற்றிய) நிரல், அடிப்படை சி நூலகத்தின் பழைய பதிப்பு உள்ள கணினியில் பெரும்பாலும் ஓட மறுக்கும். ஆதரிக்க விரும்பும் வெளியீடுகளில் மிகப் பழையதில் தொகுப்பதே நடைமுறை வழி; அல்லது சார்புகளைச் சேர்த்தே கொண்டுபோகும் ஃபிளாட்பேக் போன்ற வடிவத்தை நாடலாம்.

இங்கே எளிதில் தப்பிவிடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். பயனரின் சொந்தக் கோப்புறைக்குப் பெரும்பாலும் அவருடைய பெயரே இருக்கும். அந்தப் பெயர் தமிழிலோ அரபியிலோ இருந்தாலும், இடையில் ஓர் இடைவெளி இருந்தாலும், கோப்பின் பாதையைத் தவறாகக் கையாளும் நூலகம் ஒன்று உள்ளே இருந்தால் நிரல் தொடங்கியவுடனே நின்றுவிடும்.

நம்பிக்கை எப்படிக் கிடைக்கிறது?

இணையத்திலிருந்து இறக்கிய கோப்பின்மீது, உலாவி கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை இடுகிறது. விண்டோஸும் மேக்கும் அந்தக் குறியைப் பார்த்தே 'இது வெளியிலிருந்து வந்தது' என்று அறிகின்றன. அடுத்து, இதை அனுப்பியவர் யார் என்று பார்க்கின்றன. அதற்கு விடை தருவது குறியீட்டுக் கையொப்பம். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஒரு சுருக்க எண்ணை, வெளியீட்டாளர் தம்மிடம் மட்டும் உள்ள மறைசாவியால் கையொப்பமிடுகிறார். சான்றளிக்கும் நிறுவனம் ஒன்று, அந்தச் சாவிக்கு உரியவர் இன்னார் என்று சான்றிதழ் தந்து உறுதி கூறுகிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாமல் போய்விடும்.

கையொப்பம் இருந்தால் நிரல் பாதுகாப்பானது என்று நினைப்பது தவறு. அரக்கு முத்திரையிட்ட கடிதத்தை யார் அனுப்பினார், வழியில் யாராவது பிரித்தார்களா என்பதை முத்திரை காட்டும். கடிதத்தில் எழுதியிருப்பது உண்மையா என்பதைக் காட்டாது. ஆகவேதான் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற பாதுகாப்புச் சோதனை கையொப்பத்தோடு நின்றுவிடாமல், அந்தக் கோப்பும் அதை வெளியிட்டவரும் சம்பாதித்திருக்கும் நற்பெயரையும் பார்க்கிறது. புதிதாக வெளியிடுபவரின் கோப்பு, முறையாகக் கையொப்பமிடப்பட்டிருந்தாலும், சில நாள்கள் எச்சரிக்கைத் திரையைச் சந்திக்கக்கூடும்.

அந்தத் திரையில் 'மேலும் தகவல்' என்பதை அழுத்தி, பிறகு 'எப்படியும் இயக்கு' என்பதை அழுத்துங்கள் என்று உதவிப் பக்கத்தில் படம் போட்டு விளக்குபவர்கள் இருக்கிறார்கள். அவசரத்துக்கு அது கைகொடுக்கும்; ஆனால் எச்சரிக்கையை மீறும் பழக்கத்தை அந்தப் பயனருக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம். நாளை வேறொருவரின் தீநிரலுக்கும் அவர் அதையே செய்வார். கையொப்பத்துக்குச் செலவிடுவதே முறை. 2023 ஜூன் 1 முதல், பொதுவில் நம்பப்படும் சான்றிதழ்களுக்கான மறைசாவியைத் தனி வன்பொருள் சாதனத்திலோ அதற்கு இணையான மேகச் சேவையிலோ வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எனவே இதை வெளியீட்டுக்கு முந்தைய நாள் தொடங்க முடியாது. கையொப்பமிடும்போது நேரமுத்திரையையும் சேர்க்க வேண்டும். சான்றிதழ் காலாவதியான பிறகும், அது செல்லுபடியாக இருந்த நாளில் இட்ட கையொப்பம் ஏற்கப்படுவதற்கு அந்த முத்திரையே ஆதாரம்.

மேக்கில் விதி இன்னும் கடுமை. 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து, ஆப் ஸ்டோருக்கு வெளியே வழங்கப்படும் நிரலையும் ஆப்பிளுக்கு அனுப்பி, தானியங்கிச் சோதனையில் தேறியதற்கான ஒப்புகையைப் பெற வேண்டும். அதை நிரலோடு ஒட்டிவைத்தால், இணையம் இல்லாத கணினியிலும் சரிபார்ப்பு நடக்கும். ஒப்புகை இல்லாத நிரலைக் கண்ட்ரோல் விசையோடு கிளிக் செய்து திறக்கும் பழைய குறுக்குவழியும் 2024இல் வந்த சிகோயா பதிப்பில் அடைக்கப்பட்டுவிட்டது.

புதுப்பிப்பும் சோதனையும்

புதுப்பிப்பை அனுப்பி ஏற்ற நிர்வாகி இல்லாத இடத்தில், நிரலே தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பயனர்மட்ட நிறுவலின் இன்னொரு சிறப்பு இங்கே தெரிகிறது: ஒவ்வொரு முறையும் ஒப்புதல் திரை வராமலே அது நடந்துவிடும். எம்எஸ்ஐ பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிப்புகளை ஒப்பிடும்போது விண்டோஸ் இன்ஸ்டாலர் முதல் மூன்று எண்களை மட்டுமே பார்க்கும், 1.2.3.4 என்பதற்கும் 1.2.3.5 என்பதற்கும் அதன் கண்ணில் வேறுபாடு இல்லை.

சோதனைக்கு உங்கள் சொந்தக் கணினி உதவாது. அது ஏற்கெனவே எல்லாம் நிறைந்த வீடு. புதிதாக நிறுவிய விண்டோஸ் மட்டும் உள்ள ஒரு மெய்நிகர் கணினியை (உங்கள் கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அதைப் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். சாதாரணக் கணக்கில் நிறுவிப் பாருங்கள். பாதியில் ரத்து செய்து பாருங்கள். பழைய பதிப்பு திறந்திருக்கும்போதே புதியதை ஏற்றிப் பாருங்கள். தோல்வி நேர்ந்தால், என்ன நடந்தது என்பதைப் பதிவுக் கோப்பில் விரிவாக எழுதிவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்பதைச் சாதாரணச் சொற்களில் திரையில் காட்டுங்கள். '1603' என்று மட்டும் காட்டாதீர்கள்.

கழற்றும்போது

நீக்குவதற்கான வழியை எழுதும்போதுதான், நிறுவும்போது எவ்வளவு ஒழுங்காக இருந்தோம் என்பது வெளிப்படும். எதை எங்கே வைத்தோம் என்ற குறிப்பை எம்எஸ்ஐயும் இன்னோ செட்டப்பும் தாமே வைத்துக்கொள்கின்றன. என்எஸ்ஐஎஸ்ஸில் நீக்கும் பகுதியை ஆசிரியரே எழுத வேண்டும். அங்கே ஒரு கோப்புறையை முழுவதுமாக அழிக்கும் கட்டளையை எழுதிவிட்டு, பயனர் நிரலை நிறுவியது தம் ஆவணங்கள் இருந்த கோப்புறைக்குள் என்றால், அந்த ஆவணங்களும் சேர்ந்து போய்விடும். நாம் வைத்த கோப்புகளைப் பெயர் சொல்லி அழிப்பதே பாதுகாப்பு. பயனர் உருவாக்கிய கோப்புகள் அவருடையவை. அவற்றைத் தொடக் கூடாது.

கணினியில் உள்ள பிற பயனர்களின் அமைப்புகளை முழுமையாகத் துடைப்பது நடைமுறையில் கடினம். அவர்கள் அப்போது உள்நுழைந்திருக்கமாட்டார்கள். அவர்களுடைய ரெஜிஸ்ட்ரிப் பகுதியும் திறந்திராது. சில கிலோபைட் அமைப்புகள் அப்படி எஞ்சினால் பெரிய தீங்கில்லை. ஆனால் பின்னணிச் சேவை, கணினி தொடங்கும்போது தானாக ஓடும் பதிவு, குறித்த நேரத்தில் இயங்கும் பணி ஆகிய மூன்றும் எஞ்சக் கூடாது. எஞ்சினால், அழிக்கப்பட்டுவிட்ட ஒரு கோப்பைத் தேடி, நிரல் போன பிறகும் அந்தக் கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பிழைச் செய்தி காட்டிக்கொண்டிருக்கக்கூடும்.